கயிற்றை இழுத்தவள்

கோயம்புத்தூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். நீங்கள் வைத்துவிடுகிறீர்கள், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பீளமேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். கம்பத்தில் நம் பழக்கூழ் ஆலையில் பார்த்த அதே வேலைதான், இயந்திரங்களுக்கு கன்ட்ரோலர் அமைப்பது. ஒரே வித்தியாசம், இங்கே யாரும் என்னை அத்தனை பேர் முன்னால் “வெளிய போ” என்று சொல்வதில்லை.

அன்றைக்கு நடந்ததை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கூழ் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது லைன் நின்றுவிட்டது. உங்களுக்கு அவமானம்தான். ஆனால் ஏன் நின்றது என்று கேட்டிருக்கலாம். கழுவும் தொட்டிக்கும் பெல்ட்டுக்கும் ஒரு கன்ட்ரோலர், கிரஷருக்கு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு கம்பெனி, ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. நான் இழுத்த இரண்டு கம்பிதான் அவற்றுக்கு நடுவில் பேச்சு. கம்பியில் கரண்ட் இருக்கிறவரை ‘ஓடலாம்’ என்று அர்த்தம். எதனால் கரண்ட் போனாலும் சரி, கிரஷர் நின்றுவிடும்.

ஜங்ஷன் பாக்ஸை முழங்கால் உயரத்தில் வைக்கச் சொன்னது நீங்கள். தினமும் ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவுகிற தரை அது. உள்ளே தண்ணீர் இறங்கியது, கம்பி முனை பச்சை பூத்தது, சிக்னல் போனது, லைன் நின்றது. பழுதுதான். ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகாத பழுது. பாக்ஸை மேலே ஏற்ற ஒரு நாள் லைனை நிறுத்தக் கேட்டேன். “மாம்பழ சீசன்ல ஒரு நாளா?” என்றீர்கள்.

இப்போது மதுரையிலிருந்து விஜயகுமார் என்று ஒருவரை வரவழைத்து என் கம்பிகளைப் பிடுங்கப்போகிறீர்கள் என்று மதினி சொன்னார். பிடுங்குங்கள், உங்கள் ஆலை. ஆனால் அந்த ‘ஓடலாம்’ கம்பியை மட்டும் விட்டுவையுங்கள். கூழின் சூடு, எத்தனை டின் நிரம்பியது என்கிற விவரமெல்லாம் எந்த வழியில் வேண்டுமானாலும் போகட்டும். நிற்கச் சொல்வது மட்டும் கம்பியில் போகட்டும்.

ஹேமாவதி


கம்பம்
26 ஜூன் 2024

ஹேமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மதினி படித்தாள், அம்மாவுக்கும் படித்துக் காட்டினாள். அம்மா அழுதாள். அதற்காகத்தான் எழுதினாயோ என்னவோ.

நீ வெளியே போ என்று நான் சொன்னது லைன் நின்றதற்காக இல்லை. வந்தவர்கள் முன்னால் “இவுக சொன்ன எடத்துல வெச்சதால வந்த வெனை” என்று என்னைக் கைகாட்டினாயே, அதற்காக. ஒன்பது வயது மூத்தவன். அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தவன். உனக்கு உன் பாக்ஸ் நினைவிருக்கிறது, இது நினைவில் இல்லை.

விஜயகுமார் வந்து போய்விட்டார். தொட்டிப் பக்கம் ஒரு சின்னப் பெட்டி, கிரஷர் பக்கம் ஒன்று, இரண்டிலும் விரல் நீள ஏரியல். வயர்லெஸ். “கம்பியே இல்லைன்னா தண்ணி எதுல சார் எறங்கும்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடிந்தால் சொல். உன் கம்பி ஒன்றுகூட இல்லாமல் எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. அதன் பிறகு லைன் நிற்கவே இல்லை. நம் சோணையம்மாள் அயித்தைகூடச் சொன்னது: “ஹேமா இருந்தப்ப அடிக்கடி நிக்கும், ஒக்காந்து ஊர்க்கதை பேசுவோம். இப்ப எச்சி முழுங்க நேரமில்ல.” லைனில் நிற்கிற பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல் வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆவி வால்வைத் திறந்தாலோ, சாரல் அடித்தாலோ, சிக்னல் விட்டு விட்டு வந்தது. அந்த மனிதர் அரைமணி நேரத்தில் சரி பண்ணிவிட்டார். சிக்னல் போனால், கடைசியாக என்ன வந்ததோ அதையே கிரஷர் பிடித்து வைத்துக்கொள்ளும், மறுபடி சிக்னல் வருகிறவரை. அதனால் நிற்காது. உனக்கு ஏன் இது தோன்றவில்லை?

கெங்குவார்பட்டியிலிருந்து லோடு வந்திருக்கிறது. போகிறேன்.

சுருளிராஜன்


கோயம்புத்தூர்
30 ஜூன் 2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

எனக்கு அது தோன்றாமல் இல்லை. அப்படிச் செய்யவே கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியாக வந்த செய்தி ‘ஓடலாம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நொடி சிக்னல் போகிறது. அதற்கப்புறம் பெல்ட் பக்கம் யாராவது, அவசரத்துக்கு லைனை நிறுத்தக் கட்டியிருக்கிற கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்கும், கிரஷருக்கு அது தெரியாது. அது ‘ஓடலாம்’ என்பதையே பிடித்துக்கொண்டு இருக்கும். லைன் நிற்காமல் இருப்பதற்குக் காரணம் பழுது இல்லாததல்ல அண்ணே. பழுதை மூடி வைத்திருக்கிறார்.

வயர்லெஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இங்கே நாங்களும் போடுகிறோம், காய்ந்த இடத்தில், விவரம் அனுப்ப. நம் தரையில் நாலு பக்கமும் ஸ்டீல் தொட்டி, மேலே ஆவி, கீழே தண்ணீர். அங்கே அது அறுந்து அறுந்துதான் வரும். வருகிற ஞாயிறு நான் வருகிறேன். யாரோடும் பேசமாட்டேன். ஆலை மூடியிருக்கும்போது புதுக் கம்பி இழுத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். நீங்கள் வீட்டிலேயே இருங்கள், என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

அதுவரைக்கும் அந்தப் பிடித்துவைக்கிற ஏற்பாட்டையாவது எடுக்கச் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹேமா


கம்பம்
4 ஜூலை 2024

ஹேமாவுக்கு,

வராதே. உன் கம்பியைப் பிடுங்கிய இடத்தில் நீயே வந்து மறுபடி நட்டுவிட்டுப் போனாய் என்றால், அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை விஜயகுமாருக்குப் போனில் படித்துக் காட்டினேன். “சிக்னல் போற நேரத்துலயே ஒருத்தர் கயித்தயும் இழுக்கணும், அந்த நேரத்துலயே கையையும் வைக்கணும். எங்க சார் நடக்கும்?” என்றார். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. நீ பயம் காட்டியே ஜெயிக்கப் பார்க்கிறாய்.

அம்மா நன்றாக இருக்கிறாள்.

சுருளிராஜன்


தேனி
22 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

கானாவிலக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தேனி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்பம் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. வரப்போவதில்லை.

சோணையம்மாள் அயித்தையைப் பார்த்தேன். வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் மிச்சம். நான் போனபோது இடது கையால் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டுப்போட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டது. அதற்கு ஏன் வெட்கம் வரவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் மருமகள் சொன்னாள், நீங்கள் எல்லோரிடமும் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று. மெஷினை நிறுத்தாமல் கையை விட்டுவிட்டதாம். வயசான காலத்தில் கவனமில்லையாம். டாக்டரிடமும் அதையே சொல்லியிருக்கிறீர்கள்.

நான் அயித்தையிடமே கேட்டேன். அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

“கிரஷர் வாயில சாக்குத் துண்டு ஒண்ணு சிக்கிருச்சு. கயித்த இழுத்தேன் ஆத்தா. பெல்ட்டு நின்னுச்சு. அங்கன கிரஷரும் நின்னுதான் கெடந்துச்சு, கூழ்த்தொட்டி நெறஞ்சிருந்ததால. பாத்துட்டுத்தான் கைய வெச்சேன். வெச்ச பெறகு அது பாட்டுக்குக் கெளம்பிருச்சு. எனக்கு அந்த மெஷினுக்குப் பக்கத்துல நின்னே தலை நரைச்சுப்போச்சு. கயித்த இழுக்காம கைய வெப்பேனா?”

கூழ்த்தொட்டி நிறைந்தால் கிரஷர் தானாக நிற்கும், குறைந்தால் தானாகக் கிளம்பும். அது உங்களுக்குத் தெரியும். கயிற்றை இழுத்ததும் ‘ஓடலாம்’ போயிருந்தால், தொட்டி குறைந்தாலும் அது கிளம்பியிருக்காது. அன்றைக்குச் சாரல். சிக்னல் ஏற்கெனவே அறுந்து கிடந்தது. கிரஷர் பழைய ‘ஓடலாம்’ஐப் பிடித்துக்கொண்டு, தொட்டி எப்போது குறையும் என்று காத்துக்கொண்டிருந்தது. எங்கே நடக்கும் என்று கேட்டாரே விஜயகுமார். நம் ஆலையில் நடந்தது.

விபத்தைச் செய்தது நீங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழியை அயித்தை தலையில் வைத்தது நீங்கள்தான். அது சிக்னல் போனதால் வந்த கோளாறு இல்லை.

ஹேமாவதி


கம்பம்
27 ஆகஸ்ட் 2024

ஹேமா,

நான் தூங்கி எத்தனை நாளாகிறது என்று உனக்குத் தெரியாது. கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அயித்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். விரல்களை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தது மதினி. நீ போய்ப் பார்த்தது அது இட்லி சாப்பிடுகிற நிலைக்கு வந்த பிறகு.

டாக்டர் கேட்டபோது வாயில் அதுதான் வந்தது. அப்புறம் மாற்ற முடியவில்லை. ஒருமுறை சொன்னதை எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மெஷின் மேல் தப்பு என்று வந்தால் தொழிற்சாலை ஆய்வாளர் லைனைப் பூட்டுவார். அந்த லைனை நம்பி நம் தெருவிலிருந்தே எத்தனை பெண்கள் வருகிறார்கள், உனக்குத் தெரியாதா? திராட்சை வரப்போகிற நேரம்.

விஜயகுமார் போனை எடுப்பதில்லை. மதுரைக்கு நேரில் போனேன். “நான் சொன்னேன், நீங்கதான் ஓகேன்னீங்க” என்கிறார். நான்தான் ஓகே சொன்னேன். யார் மறுத்தது? ஆனால் நீயும் ஒன்று யோசித்துப் பார். உன் கம்பியால் லைன் ஒரு நாளைக்கு மூன்று தடவை நிற்காமல் இருந்திருந்தால் நான் ஏன் அவரைத் தேடிப் போகிறேன்? உன் பக்கம் நியாயம் இருந்தது, ஓடுகிற லைன்தான் இல்லை. நீ போனதும் பெண்கள் எல்லாம் அப்பாடா என்றார்கள். அதுவும் உண்மை.

வா. நீ சொன்னபடியே எல்லாம் பண்ணு. எத்தனை நாள் வேண்டுமானாலும் லைனை நிறுத்திக்கொள். நான் குறுக்கே வரமாட்டேன். ஆய்வாளர் கேட்டால் மட்டும் பழைய கதைக்குள் போகாதே. வயர்லெஸ் எடுத்தாச்சு, கம்பி போட்டாச்சு என்று முடித்துவிடு. அண்ணன் கேட்கிறேன்.

சுருளிராஜன்


கோயம்புத்தூர்
1 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட விலைக்கு இல்லை.

என் கம்பியால் லைன் அடிக்கடி நின்றது என்று சொன்னது சரி. அந்த பாக்ஸ் அந்த இடத்துக்கு லாயக்கில்லாதது, எங்கே வைத்தது யார் என்பதெல்லாம் அப்புறம். ஈரமான இடத்தில் நிற்க வேண்டியதற்கு நிற்பது மட்டும் போதாது, நிற்க வேண்டாததற்கு நிற்காமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்களே அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். நீங்கள் எறிந்தது போல.

இந்த முறை தரையில் ஜங்ஷன் பாக்ஸே கிடையாது. தொட்டி பேனலிலிருந்து கிரஷர் பேனல் வரை ஒரே துண்டு கேபிள், நடுவில் ஒட்டு இல்லை, கூரையை ஒட்டிப் போகும். பேனலுக்குள் அடிப்பக்கமாக நுழையும். கேபிளோடு வழிந்து வருகிற தண்ணீர் உள்ளே போகாமல் கீழே சொட்ட, ஒரு வளைவு விட்டுத்தான் உள்ளே எடுப்பேன். முனைகளில் ரப்பர் வளையம் வைத்துத் திருகுகிற கனெக்டர், ஹோஸ் பைப்பை நேராகப் பிடித்தாலும் தாங்கும். ‘ஓடலாம்’ என்பதற்கு ஒன்றுக்கு இரண்டு ஜோடிக் கம்பி, இரண்டிலும் கரண்ட் இருந்தால்தான் கிரஷர் ஓடும். ஒரு தடவை நின்றுவிட்டால், ஆள் வந்து பட்டனை அழுத்தாமல் தானாகக் கிளம்பாது. சூடு, டின் எண்ணிக்கை எல்லாம் விஜயகுமாரின் பெட்டியிலேயே போகட்டும். அது அறுந்தால் திரையில் ஒரு எண் வராது, அவ்வளவுதான்.

ஆய்வாளர் என்னைக் கேட்கவில்லை என்றால் நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். கேட்டால் உள்ளதைச் சொல்வேன். இது தெரிந்த பிறகும் கேட்டைத் திறப்பீர்களா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஹேமாவதி


கம்பம்
19 செப்டம்பர் 2024

ஹேமாவதிக்கு,

கேட்டைத் திறந்தேன். நீ வந்தாய், மூன்று நாள் ஏணியில் நின்றாய், மதினி கையால் சாப்பிட்டாய், அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கினாய். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாள் மட்டும் கூப்பிட்டாய். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அத்தனை பாடுபட்டு இழுத்த புதுக் கம்பியில் ஒன்றை என் கண் முன்னால் கட்டரால் வெட்டினாய். கிரஷர் நின்றது. “இதத்தான் கேட்டேன்” என்றாய். மறுபடி புதுசாக ஒரு கேபிளை இழுக்க ஏணியில் ஏறினாய். அப்போது உன்னைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மறுநாள், நீ ஊருக்குக் கிளம்புவதற்குள், விபத்தை விசாரிக்க ஆய்வாளர் வந்தார். உன்னைக் கேட்டார். நீ ஒன்றும் விடாமல் சொன்னாய், நான் எழுதிய கடிதத்தில் இருந்தவை உட்பட. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீ பார்த்தாயா? பார்த்திருப்பாய்.

லைனைப் பூட்டிவிட்டார்கள். எல்லா இயந்திரத்தையும் சோதித்து முடிக்கிறவரை திறக்கக் கூடாது. தீபாவளிக்கு முன்னால் நடக்காது என்கிறார்கள். திராட்சை வேறு ஆலைகளுக்குப் போகிறது. நேற்று லைனில் வேலை பார்க்கிற சுப்புத்தாய் வந்து வாசலில் நின்று கேட்டாள்: “ஒங்க வீட்டுச் சண்டைக்கு எங்க அடுப்ப ஏன் அணைச்சீக?” நான் என்ன பதில் சொல்ல? உன் விலாசத்தைக் கொடுக்கட்டுமா?

நீ முன்கூட்டியே சொன்னாய் என்பாய். சொன்னாய்தான். கூடப் பிறந்தவள் கடைசி நேரத்தில் மனசு மாறுவாள் என்று நினைத்தேன்.

சுருளிராஜன்


கோயம்புத்தூர்
25 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

சுப்புத்தாய்க்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. விலாசத்தைக் கொடுங்கள். வந்து என்னைத் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. லைனைப் பூட்டிய பிறகு, பஸ் ஏறுவதற்கு முன்னால் அயித்தை வீட்டுக்குப் போயிருந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், லைனில் கூட நின்ற பெண்களே அதைக் கேட்கிறார்களாம், “கவனமா இருக்க வேண்டாமா, ஒன்னால எங்களுக்கும் வேலை போச்சே” என்று. ஆய்வாளரிடம் நான் சொன்னது அவருக்கும் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். தெருவில் இன்னும் நீங்கள் சொன்னதுதான் நடமாடுகிறது. அயித்தை தண்ணீர் பிடிக்க இருட்டுகிறவரை காத்திருக்கிறது. ஒரு கையால் குடத்தைத் தூக்க முடியாதது வேறு.

“விரலு போனது போகட்டும் ஆத்தா. பொய்க்காரின்னு சொல்றாளுகளே” என்றது.

இனி உங்களிடம் நான் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. லைன் திறக்கிற அன்று பெண்கள் எல்லோரும் வருவார்கள். அயித்தை கயிற்றை இழுத்தது என்று அவர்கள் முன்னால் நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் தங்கச்சிக்காரி ஆத்திரத்தில் சொல்கிறாள் என்பார்கள்.

ஹேமாவதி


கம்பம்
18 நவம்பர் 2024

ஹேமாவதிக்கு,

இன்று லைனைத் திறந்தோம். தீபாவளிக்கு யார் வீட்டிலும் புதுத்துணி இல்லை, நம் வீட்டிலும் இல்லை. சில பெண்கள் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள், திரும்பி வரமாட்டார்கள் என்கிறார்கள்.

காலையிலேயே ஆள் அனுப்பி அயித்தையைக் கூப்பிட்டேன். வராது என்றுதான் நினைத்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, பெண்களுக்குப் பின்னால் சுவரோரம் நின்றது. கையை மறைக்கவில்லை.

என்ன பேசுவது என்று எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் பண்ணியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. “அயித்தை கயித்த இழுத்துச்சு. மெஷின்தான் கேக்கல. கேக்காத மாதிரி அத வெக்கச் சொன்னது நானு. நிறுத்தாம கைய வெச்சுச்சுன்னு நான் சொன்னது பொய்யி” என்றேன். அவ்வளவுதான் முடிந்தது. சுப்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அவள்தான் குழாயடியில் அதிகம் பேசியவள் போலிருக்கிறது.

அயித்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. மன்னித்துவிடு என்று கேட்பதற்காகப் பக்கத்தில் போனேன். கேட்க விடவில்லை. “இம்புட்டுத்தான? இதச் சொல்ல ஒனக்கு மூணு மாசமாச்சா?” என்றது. திரும்பி நடந்து கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது தருவதாகச் சொல்லலாம் என்றிருந்தேன். அதையும் சொல்ல முடியவில்லை.

நீ போட்ட லைன் நன்றாகத்தான் ஓடுகிறது. இன்று பெய்த மழையிலும் ஓடியது. காரணமில்லாமல் ஒரு தடவையும் நிற்கவில்லை. இதை உனக்கு எழுதக் கூடாது என்று நினைத்தேன், வேலைக்கு மரியாதை தர வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நீ செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆய்வாளர் முன்னால் நீ பேசப்பேச உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் ஹேமா. அயித்தைக்காக மட்டும் நீ பேசவில்லை. உன்னை வெளியே போகச் சொன்ன அன்றைக்கும் சேர்த்துப் பேசினாய். அதை என்னால் மறக்க முடியவில்லை, முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன்.

அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பொங்கலுக்கு வா. என்றைக்கு வருகிறாய் என்று மதினிக்குச் சொல்லிவிடு. அன்றைக்கு நான் தேனியில் இருந்துகொள்கிறேன்.

சுருளிராஜன்